சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? – பசித்த பயிரும் வளர்ச்சி ஊக்கியும்



நம்மில் பாதிப் பேர் வீட்டில் வயலோ, தோட்டமோ, குறைந்தது கொல்லையில் நாலு கத்தரிச் செடியோ இருக்கும். "பயிர் வெளுத்துக் கிடக்கே, என்ன அடிக்கலாம்?" என்ற கேள்வியைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதற்குக் கிடைக்கும் பதிலும் நமக்குத் தெரியும். "ஒரு டானிக் அடிங்க, நாலு நாள்ல கருகருன்னு வந்துரும்!"

டானிக் என்ற பெயரில் விற்கும் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது தாவர வளர்ச்சி ஊக்கி. நம் பாடப் புத்தகத்தில் ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலின் என்று ஐந்து பெயர் படிக்கிறோமே, அதே சரக்குதான். கேள்வி இதுதான்: சத்து இல்லாமல் பசியோடு நிற்கும் பயிருக்கு ஊக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும்? பசி தீருமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. மணி அடித்தால் சோறு வருமா?

மதியம் 12.40-க்கு மணி அடிக்கிறது. எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் உலையில் அரிசியே போடவில்லை என்றால்? மணியை இன்னும் பத்து தடவை அடித்தாலும் தட்டில் ஒரு பருக்கை விழாது!

ஊக்கி என்பது மணி. ஊட்டச்சத்து என்பது அரிசி. மணி, "இப்போது சாப்பிடு, இப்போது வகுப்புக்குப் போ" என்று கட்டளை இடும். சோறு போடாது.

செடிக்கு அவசியமான தனிமங்கள் மொத்தம் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14-ஐ பெரும்பாலும் மண்ணிலிருந்து வேர்தான் எடுக்க வேண்டும். இவை செடியின் உடம்பாகவே மாறுபவை. தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாமல் புரதம் இல்லை, பச்சையம் இல்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாமல் டி.என்.ஏ. இல்லை. ஊக்கி அப்படி உடம்பாக மாறுவதில்லை. மிகமிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு, "நீளு", "பிரி", "பூ", "உதிர்" என்று செல்களுக்குச் சேதி சொல்கிறது.

அளவைப் பாருங்கள், வித்தியாசம் புரியும். உளுந்தில் பூ உதிராமல் இருக்க என்.ஏ.ஏ. என்ற ஆக்சின் வகை ஊக்கியை லிட்டருக்கு 40 மில்லிகிராம் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால்,

40 மி.கி. × 200 = 8000 மி.கி. = 8 கிராம்.

அதே உளுந்துக்கு, பாசன நிலத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அடியுர அளவு எக்டேருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 25 கிலோ. ஏக்கர் கணக்கில் சுமார் 10, 20, 10. கூட்டினால் 40 கிலோ. அதாவது 40,000 கிராம் எங்கே, 8 கிராம் எங்கே! 5000 மடங்கு வித்தியாசம். 8 கிராமால் 40 கிலோவின் வேலையைச் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

2. பசி வந்தால் செடி சும்மா இருக்குமா?

இருக்காது. நாம் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே செடி தன் சொந்த ஊக்கிகளைக் கூட்டிக் குறைத்துப் பசியைச் சமாளிக்கத் தொடங்கிவிடும். இதுதான் நம்மில் பலர் கவனிக்காத விஷயம்.

(அ) தழைச்சத்து குறைந்தால்: வேருக்கு நைட்ரேட் கிடைக்கும்போது சைட்டோகைனின் உற்பத்தி கூடும். அது சைலம் வழியாக மேலே ஏறி, "கீழே சாப்பாடு இருக்கு, தைரியமா இலை விடு" என்று தகவல் சொல்லும். நைட்ரேட் குறைந்தால் அந்தத் தகவலும் குறையும். புது இலை வருவது தளரும். முதிர்ந்த கீழ் இலைகளில் உள்ள புரதம் உடைந்து, அதிலுள்ள நைட்ரஜன் நுனிக்கு அனுப்பப்படும். கீழ் இலை மஞ்சளாகும். இலையைக் கைவிட்டு வேரை நீட்டுவதுதான் செடியின் திட்டம். பஞ்ச காலத்தில் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு, வேலை தேடி ஆளை வெளியூர் அனுப்புகிற மாதிரி.

(ஆ) மணிச்சத்து குறைந்தால்: மணிச்சத்து மண்ணில் எளிதாக நகராது. இருக்கும் இடத்துக்கு வேர்தான் போக வேண்டும். அதனால் ஆக்சின், எத்திலின் உதவியோடு வேர்த்தூவிகள் நீண்டு அடர்த்தியாகும். இன்னொரு புதிய ஊக்கியும் இங்கே வருகிறது. பெயர் ஸ்ட்ரைகோலாக்டோன். இது வேரிலிருந்து மண்ணில் கசிந்து, வேர் உட்பூசணத்தைக் (மைக்கோரைசா) கூப்பிடுகிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். செடிக்குள்ளேயே அது பக்கக் கிளைகளை அடக்கும் ஹார்மோன் என்று 2008-ல் தெரிந்தது. "மணிச்சத்து கொண்டுவந்து கொடு, சர்க்கரை தருகிறேன்" என்று பூசணத்தோடு ஒப்பந்தம்! கூடவே, "சாப்பாடு இல்லாதபோது கிளை எதற்கு?" என்று மேலே சிக்கனம்.

(இ) துத்தநாகம் குறைந்தால்: இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். மாமரத்தில் சிற்றிலை, மக்காச்சோளத்தில் வெள்ளை மொட்டு என்பதெல்லாம் இதுதான். ஏன் இப்படி? ஃபோல்கே ஸ்கூக் என்ற விஞ்ஞானி 1940-ல் விடை சொன்னார். துத்தநாகம் இல்லாத தக்காளிச் செடியில், வெளியே அறிகுறி தெரியும் முன்பே ஆக்சின் அளவு விழுந்துவிடுகிறது. துத்தநாகம் கொடுத்ததும் முதலில் ஆக்சின் ஏறுகிறது, பிறகுதான் வளர்ச்சி வருகிறது. அப்படியானால் சத்து இல்லாமல் ஊக்கியே இல்லை! மணி அடிக்கிற வாட்ச்மேனுக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா?

- - - உனக்குத் தெரியுமா? - - -
சோளத்திலும் கரும்பிலும் வேரை உறிஞ்சி வாழும் 'சுடுமல்லி' என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை, ஸ்ட்ரைகோலாக்டோன் வாசனை பட்டால்தான் முளைக்கும். பசித்த பயிர் நண்பனைக் கூப்பிட, அந்தக் குரலைக் கேட்டுத் திருடனும் வந்துவிடுகிறான்! வளமில்லாத நிலத்தில் சுடுமல்லித் தொல்லை அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.
- - - - - - - - - - - - - - - - -

3. சரி, வெளியிலிருந்து தெளித்தால்?

இப்போது பாட்டிலுக்கு வருவோம். பசித்த செடி மேல் ஒவ்வொரு ஊக்கியும் என்ன செய்கிறது?

ஜிப்ரலின் – உயரம் வரும், உடம்பு வராது

ஜிப்ரலின் கதை நெல் வயலில்தான் தொடங்கியது. ஜப்பானில் சில நெல் நாற்றுகள் மற்றவற்றை விட மிக உயரமாக, மெலிந்து, வெளிறி வளர்ந்து, கடைசியில் சாய்ந்துவிடும். அதற்கு 'பக்கானே' என்று பெயர். 'முட்டாள் நாற்று' என்று பொருள். 1926-ல் தைவானில் வேலை பார்த்த குரோசாவா, ஒரு பூசணம் வெளியிடும் பொருள்தான் இதற்குக் காரணம் என்று காட்டினார். 1935-ல் யாபுட்டா அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். 1938-ல் யாபுட்டாவும் சுமிக்கியும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள்.

முட்டாள் நாற்று ஏன் வெளிறியது? ஜிப்ரலின் "நீளு, நீளு" என்று விரட்டுகிறது. ஆனால் அந்த வேகத்துக்கு நைட்ரஜன் வந்து சேரவில்லை. இருக்கும் கொஞ்சம் நைட்ரஜனும் பச்சையமும் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறது. ஒரு டம்ளர் பாலில் நாலு டம்ளர் தண்ணீர் விட்டால் அளவு கூடும், பால் கூடுமா?

நியூசிலாந்தில் குளிர் மாதங்களில் மேய்ச்சல் புல்லுக்கு ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கும் வழக்கம் உண்டு. புல் சட்டென்று நீளும், கூடவே வெளிறும். அதனால் தழைச்சத்து உரத்தையும் சேர்த்தே இடுகிறார்கள். ஏற்கெனவே தழைச்சத்து இல்லாமல் மஞ்சளாக நிற்கும் பயிருக்கு ஜிப்ரலின் மட்டும் அடித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சைட்டோகைனின் – பச்சை நிற்கும், பசி நிற்காது

1957-ல் ரிச்மண்ட், லாங் என்ற இருவர், பறித்த இலையைக் கைனடின் (ஒரு சைட்டோகைனின்) கரைசலில் வைத்தால் அது மஞ்சளாவது தள்ளிப்போகிறது என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம்மூர்த் தரிசில் முளைக்கும் மருளூமத்தையின் இனம். சில வருடங்களுக்குள் ஜெர்மனியின் ஹாலே நகரில் கர்ட் மோத்தஸ் குழுவினர் இன்னொரு வேடிக்கையைக் கண்டார்கள். இலையின் ஒரு பகுதியில் மட்டும் கைனடின் தடவினால், மற்ற பகுதியில் இருக்கும் அமினோ அமிலங்கள் அந்த இடத்தை நோக்கி நகர்ந்து சேர்கின்றன! தடவிய இடம் பச்சை. தடவாத இடம் முந்திக்கொண்டு மஞ்சள்.

இதை நன்றாக யோசியுங்கள். கைனடின் ஒரு துளி நைட்ரஜனைக்கூடப் புதிதாக உண்டாக்கவில்லை. ஒரு பக்கத்துச் சொத்தை இன்னொரு பக்கத்துக்கு மாற்றியது, அவ்வளவுதான். அண்ணன் தட்டில் இருந்ததை எடுத்துத் தம்பி தட்டில் வைத்தால் வீட்டில் சோறு கூடிவிடுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாச் சத்தும் இப்படி நகராது. தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் ஆகியவை பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதாக நகரும். இரும்பு, கால்சியம், போரான் போன்றவை பெரும்பாலும் போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கே எந்த மணி அடித்தும் பயனில்லை.

கால்சியம் – தக்காளி சொல்லும் பாடம்

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போலக் காய்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் பூச்சி அல்லது நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். உண்மையில் அது காய் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் தண்ணீரோடு சைலத்தில்தான் பயணம் செய்யும். நீர் அதிகம் ஆவியாகும் இலைக்கே பெரும் பங்கு போய்விடும். ஜிப்ரலின் தெளித்த தக்காளியில் இந்த அழுகல் கூடுகிறது என்றும், அப்சிசிக் அமிலம் தெளித்தால் குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை மூடவைக்கும். இலை குடிக்கும் தண்ணீர் குறையும். காய்க்கு வரும் பங்கு கூடும். ஆக, ஊக்கி பசியைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். எந்தச் சத்து, எந்த ஊக்கி என்பதைப் பொறுத்தது அது.

ஆக்சின் – பூவைப் பிடித்து வைக்கும், காயை நிரப்பாது

என்.ஏ.ஏ. தெளித்தால் பூவும் பிஞ்சும் உதிர்வது குறையும். நல்லதுதான். ஆனால் பூ எதற்காக உதிர்கிறது? "இத்தனை பிஞ்சுக்கும் என்னால் சோறு போட முடியாது" என்று செடி தானே கழித்துக்கட்டுவதும் ஒரு காரணம். அப்போது சத்தும் கொடுக்காமல் உதிராமலும் தடுத்தால், காய் எண்ணிக்கை நிற்கும். உள்ளே மணி சிறுத்துப்போகும். இதனால்தான் உளுந்துக்கு என்.ஏ.ஏ. தெளிப்பைச் சொல்பவர்கள், பூக்கும் நேரத்திலும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கவும் சேர்த்தே சொல்கிறார்கள். (லிட்டருக்கு 20 கிராம். முதல் நாள் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து எடுக்க வேண்டும்.)

துத்தநாகப் பற்றாக்குறையில் ஆக்சின் குறைகிறது என்று பார்த்தோமே, அப்போது ஆக்சினை நேராகத் தெளித்தால் போதாதா என்று ஒரு சந்தேகம் வரும். போதாது! துத்தநாகத்துக்கு வேலை ஒன்றல்ல. பல நொதிகள் அது இல்லாமல் இயங்காது. ஆக்சின் தெளிப்பது அதில் ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆள் போடுவது. இமயமலை அடிவாரத் தெராய்ப் பகுதியில் நெற்பயிர் துருப்பிடித்தது போலாகிக் குன்றிப்போகும் 'கைரா' நோய்க்குத் துத்தநாகப் பற்றாக்குறைதான் காரணம் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெனே 1966-ல் காட்டினார். அதற்குத் தீர்வாக வந்தது ஊக்கி அல்ல, துத்தநாக சல்பேட். நம் ஊரில் நெல் நடும்போது எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவச் சொல்வதும் இதே பற்றாக்குறைக்காகத்தான்.

4. அப்படியானால் ஊக்கியே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை! சட்டியில் சோறு இருந்தும் அகப்பை இல்லாவிட்டால் பரிமாற முடியாது. சத்தும் கட்டளையும் சேர்ந்தால்தான் விளைச்சல்.

இதற்குப் பெரிய சாட்சி ஐ.ஆர்.8 நெல். பழைய உயர ரகங்களுக்குத் தழைச்சத்தை அதிகம் போட்டால் பயிர் நெடுநெடுவென வளர்ந்து கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. உரம் போட்டாலும் சாயவில்லை. அது ஏன் குட்டை என்பது 2002-ல்தான் மரபணு அளவில் தெரிந்தது. ஜிப்ரலின் தயாரிக்கும் ஒரு நொதியின் ஜீன் அதில் பழுது! "நீளு" என்ற கட்டளை குறைந்ததால், போட்ட உரம் வைக்கோலுக்குப் போகாமல் நெல்லுக்குப் போனது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. குட்டை ரகங்களில் அதிகமாகத் தங்கும் டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சியை மட்டுமல்ல, வேர் நைட்ரஜனை எடுப்பதையும் மட்டுப்படுத்துகின்றன என்று 2018-ல் சீன விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஊக்கியும் சத்தும் எவ்வளவு பின்னிப் பிணைந்தவை பாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'பயறு ஒண்டர்' என்று ஒரு கலவை வெளியிட்டிருக்கிறது. பயறு வகைகளுக்குப் பூக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிப்பது. நிலக்கடலைக்கு 'நிலக்கடலை ரிச்', பருத்திக்கு 'பருத்தி பிளஸ்' என்றும் உண்டு. இவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? ஊட்டச்சத்துகளும் ஊக்கியும் சேர்ந்தே இருக்கின்றன. பெரிய ஆராய்ச்சியாளர்களே மணியையும் சோற்றையும் ஒரே பையில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்! அப்போதும் இது அடியுரத்துக்குப் பதில் அல்ல. அடியுரம் போட்ட பயிருக்குப் பூக்கும் நேரத்தில் ஒரு கைதூக்கல்.

5. உண்மையான நஷ்டம் எங்கே?

"டானிக் அடிச்சா கெட்டது ஒண்ணும் இல்லையே, பலன் இல்லாட்டி காசு மட்டும்தானே போகும்" என்று சிலர் சொல்வார்கள். இல்லீங்க. காசைவிடப் பெரிய நஷ்டம் நாள்.

மஞ்சள் இலை என்பது செடி நமக்கு எழுதும் கடிதம். சைட்டோகைனின் அடித்தால் இலை சில நாள் பச்சையாக நிற்கலாம். கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போட்ட மாதிரி. மண்ணில் இருக்கும் பசி அப்படியேதான் இருக்கும். நெல்லுக்குத் தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும் மேலுரம் கிடைக்க வேண்டும். தூர் கட்டும் நாட்களில் பசியோடு விட்டுவிட்டால் தூர் எண்ணிக்கை குறைந்துவிடும். பிறகு மூட்டை மூட்டையாகப் போட்டாலும் போன தூர் திரும்பி வராது. ஒரு பருவ உழைப்பே அந்தப் பத்து நாளில் போய்விடும். குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கிப் பயிர் வைத்திருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்பிரெங்கல், லீபிக் இருவரும் சொன்ன குறைந்தபட்ச விதியும் இதுதான். எந்தச் சத்து மிகக் குறைவோ அதுதான் விளைச்சலை முடிவு செய்யும். பலகைகள் சேர்த்துச் செய்த பீப்பாயில் ஒரு பலகை மட்டும் குட்டை என்றால், தண்ணீர் அந்தக் குட்டைப் பலகை வரைதான் நிற்கும். ஊக்கி தெளிப்பது பீப்பாய்க்குள் இன்னும் தண்ணீர் ஊற்றுவது. குட்டைப் பலகையை மாற்றாதவரை வழிந்துதான் ஓடும்.

6. பாட்டிலைத் திறக்கும் முன் இலையைப் படியுங்கள்

முதல் கேள்வி: மஞ்சள் எங்கே தொடங்கியது? கீழ் இலையிலா, நுனி இலையிலா?

* கீழ் இலை முழுவதும் மஞ்சள் – தழைச்சத்து
* செடி குன்றி, இலை கரும்பச்சை அல்லது ஊதா – மணிச்சத்து
* கீழ் இலையின் ஓரம் கருகல் – சாம்பல்சத்து
* கீழ் இலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் – மெக்னீசியம்
* நுனி இலையில் நரம்பு பச்சை, இடைவெளி வெளுப்பு – இரும்பு
* நுனி இலை முழுவதும் மஞ்சள் – கந்தகம்
* இலை சிறுத்து, கணு நெருங்கி, கொத்தாக – துத்தநாகம்
* நுனி மொட்டே கருகிப்போதல் – போரான் அல்லது கால்சியம்

(வேரில் தண்ணீர் தேங்கினாலும், வைரஸ் வந்தாலும், பூச்சி சாறு உறிஞ்சினாலும் மஞ்சள் வரும். அதனால் வேரையும் இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.)

இரண்டாவது, நெல்லுக்கு இலை வண்ண அட்டை உண்டு. இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டுத் தழைச்சத்து தேவையா என்று தெரிந்துகொள்ளலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. அதற்குக் கீழே போனால் மேலுரம் இட வேண்டும்.

மூன்றாவது, மண் பரிசோதனை. 2015-ல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுப் பரணில் அந்த அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். துத்தநாகம், இரும்பு, போரான் வரை அதில் இருக்கும். வருடக்கணக்கில் பிரிக்காத அட்டையில் விடை இருக்க, நாம் கடையில் போய்க் கேள்வி கேட்கிறோம்!

நான்காவது, பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். உள்ளே இருப்பது சத்தா, ஊக்கியா, இரண்டுமா? எத்தனை சதவீதம்? இந்தக் கேள்விகளுக்கு லேபிளில் பதில் இல்லாவிட்டால், அந்தப் பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.

7. செய்து பாருங்கள்!

அறிவியல் மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய சோதனை இது. (கரைசல் தயாரிப்பதை ஆசிரியர் முன்னிலையில், கையுறை அணிந்துதான் செய்ய வேண்டும்.)

தேவை: நன்றாகக் கழுவிய ஆற்று மணல், 4 தொட்டிகள், மக்காச்சோள விதை, நீரில் கரையும் 19:19:19 உரம், ஜிப்ரலிக் அமிலம்.

ஒவ்வொரு தொட்டியிலும் 5 செடி வளருங்கள். முதல் 2 வாரம் எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர். விதைக்குள் இருக்கும் சேமிப்பு உணவு தீரட்டும். பிறகு,

தொட்டி 1: தண்ணீர் மட்டும்.
தொட்டி 2: தண்ணீர், ஜிப்ரலின் தெளிப்பு.
தொட்டி 3: உரக்கரைசல் (லிட்டருக்கு 1 கிராம்).
தொட்டி 4: உரக்கரைசல், ஜிப்ரலின் தெளிப்பு.

ஜிப்ரலின் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். சில சொட்டு ஸ்பிரிட்டில் முதலில் கரைத்துப் பிறகு தண்ணீரில் கலக்க வேண்டும். ஜிப்ரலின் தெளிக்காத தொட்டிகளுக்கும் அதே அளவு ஸ்பிரிட் கலந்த தண்ணீரைத் தெளியுங்கள். அப்போதுதான் நியாயமான ஒப்பீடு.

இன்னும் 3 வாரம், வாரம் ஒரு முறை உயரம், இலை எண்ணிக்கை, நிறம் மூன்றையும் குறியுங்கள். கடைசியில் செடிகளை வேரோடு எடுத்து, மணலைக் கழுவி, எடை மாறாமல் நிற்கும் வரை வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். இதுதான் முக்கியம்! உயரம் ஏமாற்றும், காய்ந்த எடை ஏமாற்றாது. தொட்டி 2-ஐயும் தொட்டி 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டில் ஜெயித்ததா, உரம் ஜெயித்ததா என்று செடியே சொல்லும்.

குறிப்பு: இந்தச் சோதனைக்குப் பயறு வகை வேண்டாம். அதன் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும். இளநீரை ஊக்கியாகப் பயன்படுத்தலாமே என்றும் தோன்றும். அதில் சைட்டோகைனின் இருப்பது உண்மைதான். ஆனால் பொட்டாசியமும் சர்க்கரையும் கூடவே இருப்பதால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

8. சிந்திக்க மூன்று கேள்விகள்

1. நுனி இலை வெளுத்த நிலக்கடலைக்குச் சைட்டோகைனின் தெளித்தால் இரும்புப் பற்றாக்குறை தீருமா? ஏன்?
2. மணிச்சத்து போதுமான அளவு இட்ட சோள வயலில் சுடுமல்லி குறைய வாய்ப்பு உண்டா?
3. தொட்டி 4-இல் உள்ள செடி தொட்டி 3-ஐ விட உயரமாக இருந்து, காய்ந்த எடை ஒன்றாகவே இருந்தால், அதிலிருந்து என்ன புரிகிறது?

மூன்றுக்கும் விடை இந்தத் தாளிலேயே இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து எழுதி, அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள்.

நண்பர்களே! ஊக்கி கெட்டதல்ல. அது நேரம் சொல்லும் மணி. ஆனால் மணியைச் சோறு என்று நம்பிவிடக் கூடாது. அடுத்த முறை வீட்டில் "பயிர் வெளுத்துருச்சு, என்ன அடிக்கலாம்?" என்று அப்பாவோ தாத்தாவோ கேட்டால், "முதல்ல எந்த இலை வெளுத்திருக்குன்னு பாக்கலாம், வாங்க" என்று சொல்லி வயலுக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஒரு கேள்வியால் ஒரு பாட்டில் காசும் மிஞ்சலாம், ஒரு போகமும் மிஞ்சலாம்.



– அறிவியல் மன்றத்திற்காக, பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு